எழும்பின இடம் வேறு

நான்தான் றாஸிக். சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் ஹுஸ்னியாவின் புருஷன், றிபாவின் வாப்பா, மேசன் றாஸிக். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் பரிதாபப்படுகிறார்கள். சிரிக்கிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பரிதாபப்படுகிறவனைக் கண்டால்தான் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஆணுக்கென்று வீடு கிடையாது. பிறந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விடும். கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டில் போய் இருக்க வேண்டும். மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். அதைக் கட்டி முடித்துவிட்டுக் கண்ணை மூடி மௌத்தாகிப் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். றிபா பிறந்த நாளிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். ஊரில் எத்தனை பேருடைய மகள்மாருக்கு நான் வீடு கட்டிக் கொடுத்திருப்பேன்! என் மகளுக்கு அத்திவாரம் வெட்ட வழியில்லை. வெளிநாட்டுக்குப் போனால் வழி பிறக்கும். ஆனால் ஹுஸ்னியாவை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, அவளும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஏஜென்சிக்காரன் வந்தான். அவர்களிடம் ஆளைப் படியெடுக்கிற இயந்திரம் இருந்தது. கொழும்பில் ஒரு அறையில் போய்ப் படுத்தால் மயக்க ஊசி போட்டு, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அளந்தெடுத்து, வளைகுடாவில் இன்னோர் அறையில் அச்சொட்டாக அதே மாதிரி ஒரு ஆளைச் செய்துவிடுவார்கள். அதே உடம்பு, அதே தொழில், அதே ஞாபகம். அங்கே செய்யப்பட்ட ஆள் உழைப்பான், சம்பளம் ஊருக்கு வரும். இங்கே படுத்த ஆள் எழும்பி வீட்டுக்குப் போகலாம்.

"போட்டோக்கொப்பி அடிக்கிற மாதிரித்தான் தம்பி. ஒறிஜினல் உங்கட கையிலயே இரிக்கும்" என்றான் ஏஜென்சிக்காரன். அன்றிலிருந்து ஊரில் அங்கே போகிற ஆளுக்குக் கொப்பி என்று பெயராகிவிட்டது.

அந்தக் கொப்பிக்கு எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் என்றால் வீட்டுக்குத் திரும்பி வருகிறவன், அங்கே போவது ஏதோ ஒரு சாமான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்படி நினைக்காவிட்டால் எவன் போய்ப் படுப்பான்?

நானும் கொழும்புக்குப் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சாப்பிட என்று ஹுஸ்னியா சோற்றுப் பார்சல் கட்டித் தந்திருந்தாள். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். விழித்ததும் கை அதைத்தான் தேடியது. பார்சல் இல்லை. கட்டில் வேறு, சுவர் வேறு. எலும்புக்குள் இறங்குகிற ஏசிக் குளிர். நேபாளக்காரன் ஒருவன் நீலச் சீருடையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, பிழை நடந்திரிக்கி. நான் ஊட்ட போற ஆள்" என்றேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கித் தலையாட்டினான். விழிக்கிற ஒவ்வொருவனும் அதையே சொல்வதைக் கேட்டுப் பழகிப்போனவன்.

நான் படுத்தேன், நான் எழும்பினேன். நடுவில் யாரும் வந்து, இனி நீ வேறு ஆள் என்று காதில் சொல்லவில்லை. உம்மா மௌத்தான அன்று மழை பெய்தது, றிபாவுக்குப் பல் முளைத்தது, ஹுஸ்னியா கோபத்தில் சோற்றை அள்ளிப் போடுகிற விதம், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. தொழிலாளர் முகாமில் இருந்த அத்தனை பேரும் தாங்கள்தான் அசல் என்றார்கள். முதல் மாதம் அதற்காகச் சண்டை போட்டார்கள், அழுதார்கள். பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வெயிலில் டைல்ஸ் பதிக்கிறவன் அசலானால் என்ன, கொப்பியானால் என்ன, முழங்கால் ஒரே மாதிரித்தான் தேயும்.

வீட்டுக்குப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு நாள் களவாக ஒரு போனை வாங்கி வீட்டு நம்பருக்கு எடுத்தேன். ஹுஸ்னியாதான் தூக்கினாள். "ஹலோ, ஆரு?" என்றாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து, "ஆரு புள்ள போன்ல?" என்று என் குரல் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன். என் குரலை வேறொருவன் வீட்டில் வைத்துப் பாவித்துக்கொண்டிருந்தான்.

பிறகு டைல்ஸ் வெட்டுகிற இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. அதற்கு அடுத்த வருஷம் அந்த நாட்டுக்காரர்கள் ஆளைப் படியெடுக்கிற தொழிலையே தடை செய்து, எங்களை விமானத்தில் ஏற்றி அவரவர் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் ஏஜென்சி இருந்த இடத்தில் புடவைக் கடை இருந்தது. நான் நேரே ஊருக்குப் போகிற கல்முனை பஸ்ஸில் ஏறினேன்.

ஹுஸ்னியாவின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்து வளவில் புதிதாக ஒரு வீடு நின்றது. றிபாவின் வீடு. என் முழங்காலும் இரண்டு விரல்களும் சேர்ந்து கட்டிய வீடு. பார்த்ததும் கண் கலங்கியது. ஆனால் மேசனின் கண் சும்மா இருக்குமா? முன் சுவர் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்கவில்லை, ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் கட்டினால் அப்படிச் சரியாது. அப்படியென்றால் அவன் சாந்துக் கரண்டியைக் கையால் தொடவேயில்லை, கூலிக்கு ஆள் வைத்துக் கட்டியிருக்கிறான்.

கேற்றைத் திறந்தவன் அவன்தான். சாரம் கட்டி, தொப்பை வைத்து, முகம் மினுமினுத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. செய்தி பார்த்து எதிர்பார்த்திருக்கிறான்.

"வந்திட்டியா" என்றான்.

"ஹுஸ்னியாவக் கூப்பிடு."

"அவ என்ட பொஞ்சாதி."

"என்டயும்தான்."

"அப்பிடிக் கதைக்காத. புள்ளைகள் கேக்கும்."

புள்ளைகள் என்றான். நான் போகும்போது ஒரு பிள்ளைதான் இருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் இல்லாத காலம் முழுக்க இந்த வீட்டில் காலம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஜன்னல் சீலை அசைந்தது. அதற்குப் பின்னால் ஹுஸ்னியா நின்றாள். நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் வெளியே வரவில்லை.

"அந்த ஏஜென்சிக்காரனுக்கு நான் ஓமெண்டது உன்ன இஞ்ச குந்த வைக்கவா?" என்று கத்தினேன்.

"ஓமெண்டது நானும்தான். நான் இஞ்ச எழும்பினன், நீ அங்க எழும்பினாய். அதுக்கு நான் என்ன செய்ற?"

அந்த நியாயத்தை அவன் யோசித்த விதம் எனக்குத் தெரியும், என் மூளைதானே. அதுதான் கூடுதல் கோபத்தைத் தந்தது.

தங்கச்சி மர்ஷூதாவின் வீட்டுக்குப் போனேன். நாங்கள் பிறந்த வீடு அது, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவள் அண்ணனைக் கண்ட சந்தோஷத்தில், "காக்கா!" என்று ஓடி வந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். நேற்றுத்தான் அந்த இன்னொரு காக்காவோடு சந்தைக்குப் போய் வந்திருக்கிறாள். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். முன் அறையில் பாய் விரித்துத் தந்தாள்.

ஒரு கிழமைக்குள் ஊர் வாய் திறந்தது. ஹுஸ்னியா கடைக்குப் போனால் பெண்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். மதரசாவில் றிபாவை, ரெண்டு வாப்பாட புள்ள என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் மர்ஷூதா அவளைக் கூட்டி வந்தாள். உயர்ந்திருந்தாள், முன்பல் மாறியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் விரல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள நான் என்னண்டு கூப்பிடுற?" என்று கேட்டாள். வாப்பா என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "உனக்கு விருப்பமானதக் கூப்பிடு மகள்" என்றேன். அவள் ஒன்றும் கூப்பிடாமலே போய்விட்டாள்.

கடைசியில் எங்கள் குடி மரைக்கார் அச்சிமுகம்மது ஆள் அனுப்பினார். ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு, குடும்ப வழக்கென்றால் அவர்தான் முன்னுக்கு நிற்பார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி அலுவலக அறையில் கூடினோம். கல்யாண வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்கிற காதியாரும் வந்திருந்தார். நடுவில் ஒரு சீலை கட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஹுஸ்னியாவும் மர்ஷூதாவும் இருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு றாஸிக்கும் இரண்டு கதிரையில்.

"ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்துல ரெண்டு புருஷன் மார்க்கத்துல இல்ல. அப்ப இதுல ஆர் புருஷன்?" என்று காதியார் கேட்டார்.

"நான்தான். படுத்த கட்டில்லயே எழும்பினன். உம்மா பெத்த உடம்பு இது" என்றான் அவன்.

"நிக்காஹ் நடக்கக்குள்ள ஹுஸ்னியாட வாப்பாட கையப் பிடிச்சது எனக்கும் ஞாபகம் இரிக்கி" என்றேன்.

"ஞாபகம் வேற, பிடிச்ச கை வேற" என்றார் காதியார்.

நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கையாலதான் அவளுக்கும் புள்ளைக்கும் உழைச்சன். எழும்பின இடம்தான் வேற, ஆள் வேறயில்ல."

அச்சிமுகம்மது மரைக்கார் தாடியைத் தடவினார். "அது சரி தம்பி. குடி உம்மாட வழியால வாறது. உங்களப் பெத்த உம்மா ஆரு? நான் உங்கள எந்தக் குடியில சேத்துக் கதைக்கிற?" வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். மரைக்கார் கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையான கவலையில்தான் கேட்டார். அது இன்னும் மோசம்.

காதியார் கெட்ட மனிதர் இல்லை. கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "இத முடிவு சொல்ல எனக்கு ஏலா. மார்க்கக் கிதாபுகள்ல இல்லாத விசயம். பாவம் வந்திராமப் பேணுதலுக்கு ஒண்டு செய்வம். அங்கயிருந்து வந்தவர் ஒரு தலாக்கச் சொல்லட்டும். அவர் புருஷன் இல்லையெண்டா அந்தச் சொல்லு காத்தோட போகும். புருஷனெண்டா அவர்ட உரிமை தீரும். எப்பிடிப் பாத்தாலும் குடும்பம் சுத்தமாகிரும்."

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. மரைக்கார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவன் என்னைப் பார்க்காமல் தலையாட்டினான். அந்த யோசனையை இன்னும் ஒரு அடி தள்ளிப் பார்க்க அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

"ஆளே இல்லையெண்டுறீங்க" என்றேன் நான். "ஆளில்லாதவன்ட தலாக்கு என்னத்துக்கு உங்களுக்கு? நான் சொல்லமாட்டன்."

சத்தம் எழுந்தது. அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து ஹுஸ்னியா பேசினாள். என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும், மர்ஷூதா கூட இருக்கட்டும் என்றாள். காதியார் சம்மதித்தார். மற்றவர்கள் எழும்பி வெளியே போனார்கள். அவன் வாசலில் தயங்கித் தயங்கித்தான் போனான்.

"மச்சான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் அங்கே எத்தனை இரவு காது கொடுத்துக் கிடந்திருப்பேன்!

"கை நோகுதா?"

"இல்ல."

"பொய்" என்றாள். "நீங்க ஆரெண்டு இவங்கதான் கேக்குறாங்க. எனக்கு அந்தக் கேள்வியே இல்ல. அண்டைக்கு கேற்றடியில நீங்க நிண்ட நிலையிலயே தெரிஞ்சிது. நீங்க அவர்தான்."

நான் அழுதேன். சீலைக்கு இந்தப் பக்கம், இவ்வளவு பெரிய மனிதன் நான், வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். உலகத்தில் ஒரே ஒரு ஆள் சொல்லிவிட்டாள், எனக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப ஏன் புள்ள என்ன உள்ளுக்கு எடுக்கல்ல?"

"சின்னவனுக்கு அவர்தான் வாப்பா. றிபாவும் அவரோட பழகிட்டா. ரெண்டு பேரயும் வெச்சிக்கொண்டு நான் இந்த ஊருல வாழ ஏலா மச்சான். புள்ளைகள் தலை நிமிர்ந்து நடக்கணும். ஒராள் போகணும்."

"அவனப் போகச் சொல்லிக் கேட்டியா?"

"கேக்கல்ல."

"ஏன்?"

"கேட்டாலும் போகமாட்டார். அவர் இஞ்ச சும்மா இருந்து, நோகாமத் திண்டு, வேற ஆளாப் போயிட்டார். நீங்கதான் பழைய ஆள். எனக்கு ஏலாம வந்தா எதையும் உட்டுக்குடுக்கிற ஆள். அந்த ஆளத்தான் நான் கல்யாணம் முடிச்ச. அதனாலதான் உங்களுக்கிட்டக் கேக்குறன்."

மர்ஷூதா விம்முகிற சத்தம் கேட்டது. என்னை நான் என்று ஏற்றுக்கொண்ட ஒரே ஒருத்தி, அதையே காரணமாகச் சொல்லி என்னை வெளியே போகச் சொல்கிறாள். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவளுடைய மச்சான் நானில்லை என்று ஆகிவிடும்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். நான் எழும்பி நின்று ஒரு தலாக்கைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் நிம்மதியாக எழும்பி, "நாங்க அப்ப போய் வாறம்" என்றான்.

"இரிங்க" என்றார் காதியார். அவர் முகம் ஒரு மாதிரியாகியிருந்தது. அந்த இன்னொரு அடி இப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. "நீங்க போகேலா. தலாக்குக்குப் பிறகு அவ மூணு மாசமளவு தனியா இத்தா இரிக்கணும்."

"ஆருக்கு இத்தா? நான் ஒண்டும் சொல்லல்லயே!"

"இவர் சொன்னாரே. இவர்ட தலாக்கு செல்லுமெண்டா இவர்தான் புருஷன், நீங்க அந்நியர். பேணுதலெண்டு தொடங்கினா கடைசி மட்டும் பேணணும். இத்தா முடியிற வரைக்கும் நீங்க அந்த ஊட்டுப் படி மிதிக்கேலா. முடிஞ்சாப் பிறகு புதுசா நிக்காஹ் செய்துகொள்ளுங்க."

அவன் கொதித்தான். தலாக் சொன்னவன் மனம் மாறினால் இத்தாவுக்குள் மனைவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். "அப்ப நான் இப்பவே திருப்பி எடுக்கிறன்" என்றான்.

"சொன்னவர்தான் திருப்பலாம்" என்றார் காதியார் மெதுவாக. "நீங்களும் இவரும் ஒராள்தானெண்டு ஒத்துக்கொள்ளுங்க, திருப்பி எடுத்துக்கொண்டு இப்பவே ஊட்ட போங்க. ஆனா அப்ப இவரும் புருஷன்தான்."

அவன் என்னைப் பார்த்தான். பள்ளிக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாக முகத்துக்கு நேரே பார்த்தான். ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லிவிட்டால் நானும் போகலாம்.

"நானும் இவனும் ஒராளில்ல" என்றான்.

"அப்ப இத்தா முடியட்டும்" என்றார் காதியார்.

பிறந்த வீடு தவிர அவனுக்கும் போக வேறு இடம் இல்லை. மர்ஷூதா முன் அறையில் இரண்டாவது பாயையும் விரித்தாள். காக்கா என்று அவள் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பினோம். இருவருக்கும் மாசிச் சம்பல்தான் பிடிக்கும், இருவருக்கும் இடது பக்கம் சரிந்து படுத்தால்தான் தூக்கம் வரும். ஆனால் அவன் தூங்கவில்லை. நான் வெளியே போனால் பின்னாலேயே வந்தான். நான் கடைப் பக்கம் திரும்பினாலும் ஹுஸ்னியாவின் வீட்டுப் பக்கம் திரும்புகிறேனோ என்று பார்த்தான். இத்தா முடிகிற வரைக்கும் அவனுடைய வீடு, மனைவி, கைக்குழந்தை எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. திருப்பி எடுத்தேன் என்று இரண்டு பேருக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒரு பின்னேரம் கடற்கரையில் கரைவலைக்காரர்கள் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மணலில் இருந்தேன். அவன் வந்து பக்கத்தில் இருந்தான்.

"நீ திருப்பி எடுக்கமாட்டாய்தானே?"

"மாட்டன்."

"அத நான் எப்பிடி நம்புற?"

"அவ கேட்டதுக்கு நான் குடுத்திட்டன். அதோட முடிஞ்சிது."

அவன் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. "ஏன்டா, நீ என்ட இடத்துல இருந்தா எடுப்பியா?" என்று கேட்டேன்.

அவன் கடலைப் பார்த்தான். நான் பொய் சொல்லப்போகிற நேரத்தில் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை.

"எடுப்பன்" என்றான். "அண்டைக்கே எடுத்திருப்பன்."

என் முகம், என் குரல். அந்தப் பதில் மட்டும் எனக்குள் எங்கே தேடினாலும் இருக்கவில்லை. இத்தா முடிந்ததும் ஹுஸ்னியாவின் வீட்டுக்குப் போகப்போகிறவன் இவன்தான்.